இரண்டு கையும் முடிந்தால் பத்து

"எட்டும் அஞ்சும் எவ்வளவு?" என்று கேட்டேன்.

சிறுமி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் பத்திரமாக இருந்தன. முகவாய் மட்டும் மெல்ல அசைந்தது.

"பதினாலு."

தப்பு. தாளில் வட்டம் போட்டேன்.

பள்ளி பள்ளியாகப் போய், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எவ்வளவு வருகிறது என்று சோதித்துப் பார்ப்பது என் வேலை. வழக்கமாக ஒரு வகுப்பையே ஒரு மூச்சில் முடித்துவிடுவேன். இந்தப் பள்ளியில் இவள் ஒருத்திக்காக மட்டும் கூப்பிட்டிருந்தார்கள்.

போன பருவம் வரை கணக்கில் புலியாம். பெரிய விடுமுறை முடிந்து வந்தவளுக்கு எல்லாம் தலைகீழாகிவிட்டது. மற்ற பாடங்களில் ஒரு குறையும் இல்லை.

தலைமையாசிரியை இரண்டு யோசனை வைத்திருந்தார். ஒரு வகுப்பு கீழே இறக்குவது, இல்லையென்றால் மூளையைப் பரிசோதிக்கச் சொல்வது. எது என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

வகுப்பாசிரியை ஜன்னல் ஓரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். தன் வகுப்பில் விரல் விட்டு எண்ணுகிற பேச்சே கிடையாது, எல்லாம் மனக்கணக்குதான் என்று நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பெருமையாகச் சொல்லியிருந்தார்.

பிள்ளையின் அப்பா கடைசி பெஞ்சில். அச்சகத்தில் வேலை செய்பவர். குழந்தைகள் பெஞ்ச் என்பதால் முழங்கால் தாடையை இடித்துக்கொண்டிருந்தது.

நான் உள்ளே வந்தபோது எழுந்திருக்கவில்லை. பாக்கெட்டில் விட்ட கையை வெளியே எடுக்கவுமில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பெரிய துரை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இப்படிப்பட்டவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

நாலும் மூணும் கேட்டேன். ஏழு என்றாள். சரி.

ரெண்டும் ஆறும் கேட்டேன். எட்டு. அதுவும் சரி.

ஏழும் ஒன்பதும் கேட்டதும் பதினேழு என்றாள். தப்பு.

எட்டு, ஒன்பது, ஏழு மூன்றையும் சேர்த்துக் கூட்டச் சொன்னேன். வெகுநேரம் எண்ணிவிட்டு இருபத்தாறு என்றாள். இருபத்துநாலு வர வேண்டும்.

பேனாவைக் கீழே வைத்தேன்.

விடை ஒற்றை இலக்கமாக இருந்தால் பிசகவே இல்லை. பத்தைத் தாண்டினால் ஒன்று கூடுகிறது. இருபதைத் தாண்டினால் இரண்டு கூடுகிறது.

கணக்கு வராத பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் செய்யும் தப்பு இஷ்டத்துக்கு ஓடும், கூப்பிட்டால் திரும்பாது. இவள் செய்வது சொன்ன பேச்சைக் கேட்கிற தப்பாக இருந்தது.

மறுபடியும் எட்டும் அஞ்சும் கேட்டேன். இந்த முறை தாளை விட்டுவிட்டு அவள் முகவாயைப் பார்த்தேன்.

ஒன்பது முறை அசைந்தது. நின்றது. ஒரு மூச்சு விட்டாள். பிறகு நாலு முறை அசைந்தது.

எப்படி எண்ணுகிறாய் என்று கேட்டேன். அவள் ஓரக்கண்ணால் ஆசிரியையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"என் விரலைத்தானே டீச்சர் எண்ணக்கூடாதுன்னாங்க. நான் அப்பா விரலை எண்றேன். கண்ண மூடினா தெரியும்."

பின்னால் பெஞ்ச் கிறீச்சிட்டது. அப்பா எழுந்து நின்றிருந்தார்.

"நான்தாங்க சொல்லிக்குடுத்தேன். ரெண்டு கையும் முடிஞ்சா பத்து, திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பின்னு. அப்போ சரியாத்தான் இருந்துச்சு."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து என் மேசை மேல் வைத்தார்.

ஆள்காட்டி விரல் இல்லை. அது இருந்த இடத்தில் தோல் இன்னும் புதுசாகப் பளபளத்தது. விடுமுறையில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் போனதாம்.

துரை என்று நினைத்ததற்கு என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

தாளை எடுத்து ஒவ்வொரு விடையாக மறுபடி பார்த்தேன். ஒன்பது விரல் முடிந்ததுமே பத்து என்று எண்ணினால் அத்தனையும் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை.

போட்ட வட்டங்களையெல்லாம் அடித்துவிட்டு, பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, அதே வகுப்பில் இருக்கட்டும் என்று எழுதினேன். அப்பாவிடமும் அதை உரக்கச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுகை வந்து, எதை முடிப்பது என்று தெரியாமல் நின்றார்.

வகுப்பாசிரியை வந்து சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடைக்கு அடியிலிருந்து அவள் கைகளை அவரே வெளியே எடுத்துவிட்டார்.

எட்டும் அஞ்சும் இன்னொரு தடவை எண்ணிச் சொல்லச் சொன்னேன், தன் விரலாலேயே.

சிறுமி தன் கையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். யோசித்தாள்.

பிறகு அப்பாவின் இரண்டு கையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, காலியாக இருந்த இடத்தில் தன் ஆள்காட்டி விரலை வைத்து, கண்ணைத் திறந்தபடியே முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

பதிமூன்று வந்தது.