கழற்றாத வளையல்

செண்பகவல்லியின் கண்ணாடி வளையல்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு வளையல் உண்டு. பிரசவத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வந்த தாய்மாருக்கு ஆஸ்பத்திரியில் மாட்டிவிடுவது. ஆயுசுக்கும் இதயத்தைக் காவல் காக்கும்; கோளாறு தெரிந்தால் அதிர்ந்து எச்சரிக்கும்.

மகள் ஆவுடையின் வளைகாப்பில் செண்பகவல்லி முதல் வளையலை எடுத்ததுமே சம்பந்தியம்மாள் முகம் சுளித்தாள்.

"பிரசவத்துல வலிப்பு வந்தவங்க மொதல்ல போடலாமா மதினி? அந்தச் சாம்பல் வளையலையாவது கழட்டி வைங்களேன்."

செண்பகவல்லி கையைச் சபைக்கு நடுவே நீட்டினாள்.

"போன ஐப்பசியில இது அதிர்ந்துச்சு. எனக்கு ஒரு வலியும் இல்ல. அடுப்பை அணைச்சிட்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சுல அடைப்புன்னு சொல்லி அன்னைக்கே எடுத்தாங்க. இதை ஏன் மதினி மறைக்கணும்? எம்மக வளைகாப்பைப் பார்க்க என்னைக் கூட்டியாந்ததே இதுதான்."

ஆவுடை தாயிடம் இரண்டு கைகளையும் நீட்டினாள். சம்பந்தியம்மாள் சந்தனக் கிண்ணத்தைத் தானே எடுத்துச் செண்பகவல்லி பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"மொதல்ல நீங்களே பூசி விடுங்க மதினி."