மேற்குப் பாதி

கிழக்குப் பக்கத்து மண்ணை நிரப்பிய பையைக் கொளஞ்சிநாதன் புவனாவின் நீட்டிய கையில் கொடுக்கவில்லை. வரப்பில் வைத்துவிட்டு, அவளிடம் வேலை பார்க்கும் ஹரியின் பக்கம் திரும்பினார்.

"எடுத்துக்கச் சொல்லு தம்பி."

ஹரிக்குச் சுருக்கென்றது. புவனா குனிந்து எடுத்துக்கொண்டாள்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. சுரங்கத்தில் ஷிஃப்ட், ஷிஃப்ட் முடிந்தால் வடக்குத்து ஊரில் மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை வயல், என்று ஓடுகிற மனிதர். மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பித்தான் இவர்கள் கம்பெனி சென்சாரை நிலத்தில் நடவைத்திருந்தார்.

"ஈரம் இருக்குது, ஈரம் இருக்குதுன்னு போனு சொல்லிக்கினே இருந்துச்சு. நானும் நம்பிகினு மோட்டாரு போடாம கெடந்தேன். இப்ப பாரு, மேக்கால பாதி காஞ்சி கெடக்குது."

அவருடைய புகார் வந்ததும், "நானும் வரேன்" என்று புவனா கிளம்பியதே ஹரிக்கு ஆச்சரியம். டவுன்ஷிப் ஆபீஸை விட்டு அவள் வெளியே வருவது அபூர்வம்.

"கிழக்குப் பக்கம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே செம்மண்ணுதானே மேடம்?" என்றான் ஹரி.

"மேலதான் செம்மண்ணு. மேற்குல கொஞ்சம் ஆழமாத் தோண்டிப் பாரு. கீழ ஏரி வண்டல் இருக்கும்."

தோண்டினான். மண்வெட்டியில் கறுப்புக் களிமண் கட்டி கட்டியாக வந்தது. எத்தனை நிலம் பார்த்த அனுபவமோ என்று வியந்துகொண்டான்.

"தப்பு எங்களோடதுதாங்க," என்றான் கொளஞ்சிநாதனிடம். "சென்சாரைச் செம்மண்ணுக்கு மட்டும் பழக்கி வெச்சுட்டோம். களிமண்ணு தண்ணியை இறுக்கிப் பிடிச்சுக்கும், செடிக்கு விடாது. சென்சாருக்கு அது தெரியாது, ஈரம்னு சொல்லிடும். இந்த ரெண்டு மண்ணையும் காய வெச்சு, அளந்து அளந்து தண்ணி ஊத்தி, எதுக்கு என்ன காட்டுதுன்னு தனித்தனியாப் பாத்து மாத்தித் தர்றோம்."

"ம்... ஆனது ஆச்சு."

"காஞ்ச செடிக்கு இன்னிக்கே தண்ணி விடணும். வேர் இன்னும் சாகல," என்றாள் புவனா.

கொளஞ்சிநாதன் ஹரியைப் பார்த்தார். "என்னா சொல்றாங்க?"

புவனா அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஆனாலும் ஹரி அதையே இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் அவர் தலையை ஆட்டினார்.

மோட்டார் கொட்டகையிலிருந்து அவர் மனைவி ராஜாம்பாள் இரண்டு டம்ளரில் மோர் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணு போதும்," என்றார் கொளஞ்சிநாதன்.

"மேடத்துக்குங்க?" என்றான் ஹரி.

"அவங்க வூட்லேர்ந்து தண்ணி எடுத்துகினு வந்திருப்பாங்க."

ராஜாம்பாள் புவனாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஹரியிடம் ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டு, மற்றதை வந்த வழியே கொண்டுபோனாள். ஹரிக்குக் குடிக்க மனமில்லை. குடிக்காமல் வைத்தால் அந்த அம்மாள் மனசு நோகுமே என்று விழுங்கிவைத்தான்.

கிளம்பும்போது கொளஞ்சிநாதன் அவன் தோளில் கை வைத்தார். "சென்சார சரி பண்ணிட்டு நீயே எடுத்துகினு வா தம்பி. வேற யாரும் வரத் தேவையில்ல."

புவனா அதற்குள் காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இறக்கியே இருந்தது.

கார் மெயின் ரோட்டில் ஏறியதும் ஹரிக்குப் பொறுக்கவில்லை.

"பயிரு காஞ்ச கோபம்னு நெனச்சேன் மேடம். இது அது இல்ல. சென்சாரை நட்டவன் நான், என்னைத் தம்பிங்கறாரு. ஒண்ணும் செய்யாத உங்களுக்கு ஒரு டம்ளர் மோர் இல்ல. அந்த ஆளு சாதி பாக்குறாரு. புகார் குடுத்தே தீரணும்."

"வேணாம் ஹரி. சென்சாரை முதல்ல சரி பண்ணு. மீதிப் பயிரும் காஞ்சுடக் கூடாது."

"இவ்ளோ அவமானப்படுத்தியும் அவருக்காகப் பேசறீங்களே! அதுசரி, இன்னிக்குத்தான் உங்களைப் பாக்குறாரு. நீங்க என்ன சாதின்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

புவனா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். திரும்பாமலே மெல்லச் சொன்னாள்.

"அவரு பாக்குறது என் வீட்டுக்காரர் சாதியை, ஹரி. எங்கப்பா அவரு."