பூனை கொண்டுபோன மீன்

"எம் பொண்டாட்டி போனுக்குள்ள பூனை வளக்கா, பாய். அம்பத்தோரு வயசுல" என்றார் ஏட்டு நம்பிராஜன்.

டீக்கடை பரீது சிரித்தார். "வளக்கட்டுமே, ஏட்டையா. போன்ல இருக்க பூனை பால் சட்டியை உருட்டாது."

"அதை இவ செய்யுதா. நேத்து அடுப்புல பால் பொங்கி வழியுது, இவ பூனைக்கு மீன் குடுத்துக்கிட்டு இருக்கா."

"எங்க வீட்டுல சீரியல் பாத்துட்டுச் சோறு திங்காம அழுவுதா. அதுக்கு இது எவ்வளவோ மேல். மதினிக்குப் பிரஷர் குறைஞ்சிருக்குன்னு நீங்கதானே சொன்னீய?"

அது உண்மைதான். மாத்திரையைப் பாதியாக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் நம்பிராஜனை உறுத்தியது பூனை இல்லை. பூனைக்குப் பின்னால் இருக்கிற ஆள்.

அந்தப் போன் விளையாட்டில் ஒருவர் வீட்டுப் பூனை இன்னொருவர் வீட்டுக்கு விருந்து போகலாம். போகும்போது வாயில் ஒரு மீனைக் கவ்விக்கொண்டு போகும். அவர் மனைவி ஆனந்தவள்ளியிடம் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு வெள்ளைப் பூனை வந்தது. பதிலுக்கு இவளும் தன் பூனையை மீனோடு அனுப்பினாள். அனுப்பிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான். தன்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் இருக்கும் என்று யோசித்தார். அவள் சிரிக்கும்படி தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்றும் யோசித்தார்.

போன வாரம் நல்ல சாளை மீனாகப் பார்த்து வாங்கிப்போனார். "அங்கன வைங்க" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். பொம்மை மீனுக்குச் சிரிப்பு, நிஜ மீனுக்கு அதுகூட இல்லை.

அன்றைக்கே கேட்டுவிட்டார். "யாருட்டி அந்த வெள்ளைப் பூனை?"

"கூட விளையாடுத ஆளு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பூனைங்க."

இருபத்தெட்டு வருஷமாகப் போலீஸில் இருப்பவரிடம் சொல்லுகிற பதிலா இது?

சந்தேகப்படவும் வெட்கமாக இருந்தது. ஆனந்தவள்ளி சொன்ன சொல் மாறாதவள். இரண்டு வருஷத்துக்கு முன் மகள் அபர்ணா, பெஞ்சமினைக் கல்யாணம் செய்துகொண்டு போனபோது, குற்றாலநாதர் கோயிலில் இவளைக் கற்பூரத்தை அணைக்கவைத்துச் சத்தியம் வாங்கினார். மகளோடு பேசக்கூடாது, கடிதம் போடக்கூடாது, முகத்தில் முழிக்கக்கூடாது. அவள் வாய் திறக்காமல் சத்தியம் செய்தாள். அதன்பிறகு எத்தனையோ தடவை அவள் போனை எடுத்துத் துருவியிருக்கிறார். மகளுக்கு ஒரு அழைப்பில்லை, ஒரு வரி இல்லை.

அப்படிப்பட்டவள் இப்போது யாரோ ஒருத்தனுக்கு மீன் அனுப்புகிறாள்.

புதன்கிழமை வார லீவு. சாரல் நன்றாக விழுகிறது என்று இருவரும் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் பஸ் ஏறினார்கள். கிளம்புமுன் வழக்கமான மீன் போய்விட்டிருந்தது.

மெயின் அருவியில் பெண்கள் பக்கம் போகுமுன் அவள் பையையும் போனையும் நீட்டினாள். "நனைச்சிராதீய. கவருக்குள்ளேயே இருக்கட்டும்."

அவள் தலை கூட்டத்தில் மறையும்வரைதான் காத்திருந்தார். பிளாஸ்டிக் கவருக்கு மேலேயே விரலை வைத்து அழுத்தினார்.

விளையாட்டு திறந்தது. வந்துபோன பூனைகளின் பட்டியல் ஒன்று இருந்தது. எல்லா நாளும் அதே வெள்ளைப் பூனைதான். ஆனால் அதற்குக் கீழே இருந்த பெயர் நாளுக்கு நாள் மாறியிருந்தது. பூனைக்குப் பேர் மாற்ற அங்கே வசதி இருந்தது போல.

"காய்ச்சல் விட்டுட்டு."

அதற்கு முந்தின நாள், "ரெண்டு நாளா காய்ச்சல்."

அதற்கும் முன்னால், "மொதப் பல் வந்துட்டு."

இது என்ன பேர்? ஏதோ ரகசியப் பாஷை என்று நினைத்தார். விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஏழு மாதத்துக்கு முன்னால் வெள்ளைப் பூனை வேறு ஒரு பெயரில் வந்திருந்தது.

"அம்மா, பொம்பளப் புள்ள."

மறுநாள், "மூக்கு பெஞ்சமின் மாதிரி."

அருவிச் சத்தம் காதில் விழவில்லை. அழைப்பில்லை, கடிதமில்லை. சத்தியத்தில் ஒரு சொல்லும் உடையவில்லை. பூனைகள்தான் வந்துபோயிருக்கின்றன.

தான் தாத்தா ஆகி ஏழு மாதம் ஆகிறது.

பட்டியலின் மேலே வந்தார். இன்றைக்கு வந்த பூனையின் பெயர், "அப்பா குடுத்த மீன் கெடைச்சுது."

அவர் எந்த மீனும் கொடுக்கவில்லையே.

ஆனந்தவள்ளி அனுப்பியவற்றின் பக்கத்தைத் திறந்தார். கொழுத்த பழுப்புப் பூனை, வாயில் மீனோடு. அதன் கீழே இன்றைக்கு, "இது அப்பா குடுத்தது." நேற்றும் அதுவே. முந்தாநாளும் அதுவே. ஒரு நாள்கூட விடவில்லை.

"ஏங்க…"

தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட அவள் எதிரே நின்றாள். அவர் கையில் திறந்திருந்த பூனையைப் பார்த்து முகம் வெளுத்தது.

"நான் பேசலைங்க. ஒத்த வார்த்தை பேசல."

நம்பிராஜன் துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"மீன் அனுப்ப எதைட்டி அமுக்கணும்?" என்றார்.

அன்றைக்கு அபர்ணாவுக்கு அப்பாவின் மீன் இரண்டு கிடைத்தது.