நாற்பதுக்குக் கீழே

ஓடும் பதிவில் தம்பி உள்ளங்கையை மேசையில் அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுக்கிறான். மோட்டாரைப் படம்பிடிக்கும் முன் வெப்பக் கேமரா ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, அந்தச் சோதனைக்கூடத்தில் எல்லோரும் செய்வதுதான். கையை எடுத்த பிறகும் அதன் சூடு திரையில் ஐந்து விரலோடு மஞ்சளாகக் கிடக்கிறது. "அக்கா, என் பேய் உன் டேபிள்ல உக்காந்திருக்கு பாரு" என்று அன்று சொன்னான். "போடா, தொடச்சு வை" என்றாள் அவள். இந்தக் கேமராவுக்குக் காது கிடையாது. பதிவில் அவன் வாய் மட்டும் அசைகிறது. பதிவு முடிந்து டீ குடிக்கப் போனவனை லாரி அடித்து இன்று பன்னிரண்டாம் நாள். அதே மேசையில் அவள் அந்தப் பதிவை மென்பொருளில் திறந்து, வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய வீடியோவாக மாற்றிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் வெயில் கீபோர்டில் விழுகிறது. மேலாளர் பின்னால் வந்து நிற்கிறார். "மோட்டார் மட்டும் போதும்மா. முன்னாடி இருக்கறத... நான் வேணா வெட்டிடவா?" "வேணாம் சார். வெட்டினா நேரக்கணக்கு இடிக்கும்." மென்பொருள் கேட்கும் வெப்ப எல்லையில் நாற்பது முதல் தொண்ணூறு டிகிரி வரை என்று அடிக்கிறாள். மோட்டாருக்கு அது போதும். நாற்பதுக்குக் கீழே எல்லாம் கறுப்பு. முகம் கறுப்பாகிறது, பிறகு தோள், மேசையில் கிடந்த விரல்கள். பச்சைக் கோடு மெதுவாக நகர, வீடியோ பிரேம் பிரேமாக எழுதப்படுகிறது. அவளுக்கு அழுகை வரவில்லை; கால் மரத்துப்போயிருக்கிறது. "சாப்டியாம்மா?" "ஆச்சு சார்." புள்ளிக்குப் புள்ளி சூட்டை எண்ணாக வைத்திருக்கும், கேமரா தந்த மூலக் கோப்பில் ஓர் எண்கூட மாறவில்லை. அதில் அவன் மூக்கு நுனி இருபத்தொன்பது டிகிரி.