வெளுத்த குருத்து

“உர மூட்டையை எங்க வெச்சிருக்கீங்க? வண்டியிலயா?” என்று கேட்டாள் நோசிபெலே. வேலிக் கதவை அவள் திறக்கவில்லை.

“மூட்டை எதுவும் இல்லம்மா. உங்க கஞ்சாச் செடி வெளுக்குதாம், போய்ப் பாருங்கன்னு சங்கத்துல சொன்னாங்க. என் பேரு பகாமிலே. ஆத்துக்கு அந்தப் பக்கம் தங்கச்சி வீட்டுல இருக்கேன்.”

“ஓ, நாலாவது டாக்டர். வாங்க.”

தென்னாப்பிரிக்காவின் பொண்டோலாந்து மலைச்சரிவில், மருந்துக்கான கஞ்சாவுக்கு உரிமம் வாங்கி அவள் பயிரிட்ட முதல் வருஷம் அது. இருநூறு செடி, பூ வைத்து ஐந்தாவது வாரம். இன்னும் ஒரு மாதத்தில் அறுவடை என்று இருந்தபோதுதான் வேலியோரம் மஞ்சள் தட்ட ஆரம்பித்தது.

“உரக்கடைக்காரன் வந்தான், தழைச்சத்து பத்தலைன்னான். வேற என்ன சொல்லுவான், அவன் கடையில விக்கிறது அதுதானே. போட்டேன். என் மச்சினன் மக போன்ல படம் புடிச்சா, மக்னீசியம்னு போன் சொல்லுச்சாம். அதையும் கரைச்சு ஊத்தினேன். அப்புறம் காலேஜ்ல படிச்ச பையன் ஒருத்தன். சட்டை கசங்கிடும்னு வரப்புலயே நின்னு, இரும்புச் சத்துன்னு சொல்லிட்டுப் போயிட்டான். உங்க பங்குக்கு நீங்களும் ஒரு சத்தைச் சொல்லிட்டுக் கிளம்புங்க. எனக்கு வேலை கெடக்கு.”

பகாமிலே வயலுக்குள் இறங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வயலை மேலிருந்து நெடுநேரம் பார்த்தார்.

“செடி கீழ இருக்கு பெரியவரே. பருந்து மாதிரி அங்க நின்னா இலை தெரியுமா?”

“காலையில இங்க காத்து எந்தப் பக்கமிருந்து வரும்?”

“ஜோசியமும் பார்ப்பீங்களா?” என்று சிரித்துவிட்டு, “அந்தச் சோளக்காட்டுப் பக்கமிருந்துதான்” என்றாள்.

அவர் இறங்கி வந்து வேலியோரம் மண்டியிட்டார். ஒரு செடியின் கீழ் இலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு பூங்கொத்தை மெல்ல விலக்கி உள்ளே இருந்த குருத்தைக் காட்டினார்.

“தழைச்சத்து இல்லைன்னா கீழ் இலைதான் முதல்ல மஞ்சளாகும். பழைய இலையில இருக்கிறதைச் செடி உருவிப் பூவுக்குக் குடுக்கும். மக்னீசியமும் கீழேயிருந்துதான் ஆரம்பிக்கும். இங்க கீழ் இலை எல்லாம் பச்சையா இருக்கே.”

“குருத்து வெளுத்தா இரும்பு. அந்தப் பையன் வரப்புல நின்னே சொன்னான். இதுக்கா மேடு ஏறுனீங்க?”

“இரும்பு குறைஞ்சா நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். இது காம்புப் பக்கமிருந்து வெள்ளையாகி, நூலா மெலிஞ்சு முறுக்கிக்கிட்டு வருது.” பக்கத்தில் முளைத்திருந்த காட்டுக்கீரையைப் பிடுங்கி நீட்டினார். “இதுக்கும் அதே வெளுப்பு. வேலியிலிருந்து மூணு வரிசைதான். நாலாவது வரிசையில ஒண்ணுமில்லை. சத்துக் குறைச்சல் இப்படிக் கோடு போட்ட மாதிரி நிக்காதும்மா. இது பசி இல்லை, விஷம். களைக்கொல்லி காத்துல வந்திருக்கு.”

நோசிபெலே வேலியருகே போனாள். அந்தப் பக்கம் அவள் கணவனின் தம்பி சொலிலே சோளக்காட்டில் நின்றிருந்தான்.

“சொலிலே, வரப்புல களைக்கொல்லி அடிச்சியா?”

“ரெண்டு வாரம் இருக்கும். உன் வேலியைத் தாண்டி அடிக்கலையே அண்ணி.”

“காத்துகிட்டயும் சொன்னியா, வேலியைத் தாண்டாதேன்னு?”

சொலிலே சோளத்துக்குள் புகுந்து மறைந்தான்.

“மூணு வரிசையையும் புடுங்கிடுங்க” என்றார் பகாமிலே. “மருந்துக்குப் போற பூ, விஷம் பட்டதைக் குடுக்கக் கூடாது. மத்த செடிக்கு இனிமே எந்த உரமும் வேண்டாம், போட்டதே அதிகம். அறுவடை நெருங்கும்போது கீழ் இலை தானா பழுக்கும். அதுக்காக யாரையும் கூப்பிட்டுடாதீங்க.”

அன்று காலைதான், முழு வயலையும் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று அவள் யோசித்திருந்தாள். நூற்று நாற்பது செடி மிஞ்சும். அவள் உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து நிழலில் போட்டாள். குவளை நிறையப் புளித்த சோளக்கூழ் ஊற்றிக் கொடுத்தாள். பெரியவர், அண்ணன் ஆனார்.

“உக்காருங்க அண்ணே. ஏதோ திமிர்ல பேசிட்டேன்.”

வெளுத்த குருத்தைக் கிள்ளி விரலில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

“இந்த வெளுப்பை நான் பார்த்திருக்கேன் அண்ணே. இப்பதான் ஞாபகம் வருது. கஞ்சா போடக் கூடாதுன்னு இருந்த காலத்துல, போலீஸ்காரனுங்க ஹெலிகாப்டர்ல வந்து மருந்து அடிச்சுட்டுப் போவானுங்களே. மறுவாரமே எல்லாம் இப்படித்தான் வெளுத்துச்சு. சோளம், பூசணி, எதையும் விடலை. அந்த வருஷம் திங்க ஒண்ணுமில்லாமத்தான் என் புருஷன் தங்கச் சுரங்கத்துக்குப் போனாரு. பொட்டியிலதான் திரும்பி வந்தாரு.”

பகாமிலே குவளையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“கோழைப் பசங்க. தரையில கால் வெச்சு, என் மூஞ்சியைப் பார்த்து வெட்டிப் போட்டிருந்தாக்கூட மனுஷன்னு மதிச்சிருப்பேன்.” காறித் துப்பிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்திருந்தது. “பார்த்ததுமே கண்டுபிடிச்சிட்டீங்களே. உங்க நிலத்துலயும் தெளிச்சானுங்களா அண்ணே?”

அவர் குவளையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

“எனக்கு நிலமே இல்லம்மா. தெளிச்சவன் நான்.”