சர்க்கரை இல்லாத டீ

எதிரி நாட்டில் குண்டு விழுந்த செய்தி வந்ததும் தெருவில் வீடு வீடாக லட்டு கொடுத்தார்கள்.

"ஜெயிச்சிட்டோம் சார், வாயைத் தொறங்க," என்றான் பார்த்திபன்.

தணிகாசலம் கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு சுகர், தம்பி."

குண்டு விழுந்தது ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் என்று பேப்பரில் படித்ததை அவர் சொல்லவில்லை.

மறுநாள் டீக்கடையில், முப்பது வருடப் பழக்கத்தை விட்டு, "சக்கரை இல்லாம ஒரு டீ" என்றார். பெஞ்சில் பார்த்திபன் உட்கார்ந்திருந்தான். மாஸ்டர் கிளாஸை நீட்டினார்.

முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. எப்போதும் போல இரண்டு கரண்டி. பழக்கத்தில் போட்டாரா, யாராவது போடச் சொன்னார்களா? மாஸ்டரின் முகத்தில் ஒன்றும் இல்லை.

"டீ எப்டி சார் இருக்கு?" என்றான் பார்த்திபன்.

தணிகாசலம் வாயில் இருந்ததை இன்னும் விழுங்கவில்லை.