கத்தியின் அகலம்

களை வெட்டும் வண்டியை முதல் வரைபடத்திலிருந்து கடைசி வெல்டிங் வரை வேலாமணிதான் செய்தாள். அதைப் பார்க்க வந்த விவசாயிகளிடம் அவள் கணவன் நாச்சிமுத்து, "எல்லாம் என்ற மூளைங்க. அம்மிணி பெயிண்ட் அடிச்சுக் குடுத்தா, அவ்வளவுதான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வேலாமணியும் சிரித்தாள்.

வண்டியை வேலாமணி வீட்டு நிலக்கடலைக் காட்டில் இறக்கினார்கள். முந்தின நாள் பருத்தியில் ஓட்டிப் பார்த்ததால் கத்திகள் இரண்டும் அகல விரிந்தே இருந்தன. கடலைச் செடி வரிசைகளுக்கு நடுவே ஓடும் சாலின் அகலம் அதில் பாதிகூட இல்லை. ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்திக் கத்திகளை உள்ளே தள்ள வேண்டும். நாச்சிமுத்துவுக்கு அது தெரியாது.

கைப்பிடியைப் பிடித்தவன் அவள் பக்கம் குனிந்து, "ஏதாச்சும் முறுக்கோணுமா?" என்று கிசுகிசுத்தான்.

"நீங்க செஞ்ச வண்டி, என்னையக் கேக்கறீங்களே மாமா!" எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

மறுபடி சிரிப்பு. அவன் தள்ளினான். களையோடு இருபக்கத்துக் கடலைச் செடிகளும் பூவோடு வேரறுந்து சாய்ந்தன. சிரிப்பு நின்றது. அந்தக் கடலை அவள் குனிந்து குனிந்து ஊன்றியது. ஒவ்வொரு செடி விழும்போதும் அவளுக்கு வலித்தது. கூடவே, பல வருடமாய் நெஞ்சில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று இனிப்பாகக் கரைந்தது. முந்தானைக்குள் ஸ்பேனரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சாலின் முடிவில் அவன் நின்று திரும்பிப் பார்த்தான். அந்தக் கண்களில் இப்படி ஒரு கெஞ்சலை அவள் கண்டதே இல்லை.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றாள். "அடுத்த சாலும் ஓட்டிக் காட்டுங்க மாமா."